இனிஷியலுக்காக யாரும் சண்டை போடுவதில்லை

பெண் குழந்தைக்கு என்ன பேர் வைப்பது என்று புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போடுகிறார்கள் என்றால், அதைக் கேட்டு முதலில் கொஞ்சம் சந்தோஷப்பட வேண்டும். வேண்டாத பிள்ளைக்குப் பேர் தேடி யாரும் சண்டை போட்டதில்லை. நம் வடமாவட்டங்களில் ‘வேண்டா’ என்றும் ‘போதும்பொண்ணு’ என்றும் பேர் வைத்த வீடுகளில் அன்றைக்கு ஒரு வாக்குவாதமும் நடந்திருக்காது. மூன்றாவதும் பொண்ணு என்றதும் திண்ணையில் உட்கார்ந்திருந்த கிழவி ஒருத்தி சொல்லியிருப்பாள், மற்றவர்கள் தலையாட்டியிருப்பார்கள், பெற்றவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள். அவ்வளவுதான் நாமகரணம்.

திருத்தணிக்குப் பக்கத்தில் நாராயணபுரம் என்ற கிராமத்தில், பெண் குழந்தைக்கு ‘வேண்டாம்’ என்று பேர் வைத்தால் அடுத்தது ஆணாகப் பிறக்கும் என்பது நம்பிக்கை. அப்படிப் பேர் தாங்கிய பொறியியல் மாணவி ஒருவருக்கு 2019இல் ஜப்பானிய நிறுவனம் ஆண்டுக்கு 22 லட்சம் சம்பளத்தில் வேலை கொடுத்தது. அதன் பிறகுதான் பத்திரிகைகள் அந்த ஊருக்குப் போயின. மகாராஷ்டிரத்தின் சாத்தாரா மாவட்டத்தில் ‘நகோஷி’ என்று பேர். அர்த்தம் அதேதான். 2011 அக்டோபரில் மாவட்ட நிர்வாகமே விழா எடுத்து 285 பெண்களுக்குப் புதுப் பேர் சூட்டியது. வளர்ந்த பிள்ளைகள், தங்களுக்குப் பிடித்ததைத் தாங்களே சொன்னார்கள். சிலர் சினிமா நடிகையின் பேரைக் கேட்டார்கள் என்று அப்போது கேலியாக எழுதியவர்களும் உண்டு. பத்துப் பன்னிரண்டு வருஷம் ‘வேண்டாதவள்’ என்று கூப்பிடப்பட்டவள் ஐஸ்வர்யா என்று வைத்துக்கொண்டால் யாருக்கு என்ன குறைந்துவிட்டது?

வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2018 டிசம்பரில் நம் திருவண்ணாமலையிலேயே, கருவில் இருப்பது பெண் என்று பார்த்துச் சொல்லிக் கலைத்துக்கொடுத்த இடம் ஒன்று பிடிபட்டது. அங்கே போனவர்களுக்குப் பேர்ப் பிரச்சினையே எழவில்லை. ஆகவே, “அவங்க சொல்ற பேரு எனக்குப் புடிக்கல” என்று ஒரு பெண் கண்ணைக் கசக்கிக்கொண்டு சொல்லும்போது, அந்தக் குழந்தை இரண்டு பேருக்கு வேண்டியிருக்கிறது என்பதை நாம் கணக்கில் எடுத்துக்கொள்கிறோம். அதற்குமேல்தான் பஞ்சாயத்து.

சண்டை எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். ஐந்தாம் மாதத்திலிருந்தே அவள் செல்போனில் ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் யாழினி இருக்கும், மகிழினி இருக்கும், தோழி மகளுக்கு வைத்துவிட்டதால் அடிக்கப்பட்ட பேர் ஒன்றும் இருக்கும். அவன் சட்டைப்பையில் வேறொரு சீட்டு. ஜோசியர் எழுதித் தந்தது. இரண்டு எழுத்து, கீழே கூட்டுத்தொகை. இந்தப் பட்டியலும் அந்தச் சீட்டும் சந்திக்கும் இடம் அநேகமாக ஆஸ்பத்திரிக் கட்டில்தான்.

நட்சத்திரப் பாதத்துக்கு இன்ன எழுத்து என்று பஞ்சாங்கத்தில் ஒரு அட்டவணை உண்டு. அசுவினி முதல் ரேவதி வரை இருபத்தேழு நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் நான்கு பாதம், பாதத்துக்கு ஓர் எழுத்து. மகத்தில் பிறந்தால் மா, மி, மு, மே. வைத்தவர்கள் சமஸ்கிருத எழுத்துகளை வைத்துப் போட்ட கணக்கு அது. பரணியில் பிறந்த பெண்ணுக்கு லி, லு, லே, லோ. ஆயில்யத்தில் பிறந்தவளுக்கு டி, டு, டே, டோ. தொல்காப்பியப்படியும் நன்னூல்படியும் லகரமும் டகரமும் சொல்லுக்கு முதலில் வராத எழுத்துகள். பரணியில் பிறந்த குழந்தைக்கு அட்டவணையையும் இலக்கணத்தையும் ஒருசேரத் திருப்திப்படுத்தும் தமிழ்ப் பேர் ஒன்றுகூடக் கிடையாது! இலக்கணம் படித்த தாத்தா வீட்டில் இருந்தால் ‘லோகநாயகி’க்கு முன்னால் ஓர் உகரத்தைப் போட்டு ‘உலோகநாயகி’ ஆக்குவார். அப்போது ஜோசியர் சொன்ன முதலெழுத்து போய்விடும். ஆயில்யக்காரர்கள் பாடு இதைவிட மோசம். டகரத்தில் தேடி அலுத்து, “தகரம் போட்டுக்கலாமா சாமி?” என்று ஜோசியரிடமே திரும்பிப் போவார்கள். அவரும் பரிகாரம் சொல்வதுபோல முகத்தை வைத்துக்கொண்டு சரி என்பார்.

எண் கணிதம் இன்னொரு கூத்து. தமிழில் வைக்கப்போகும் பேருக்கு ஆங்கில எழுத்தில் கூட்டல் கணக்கு. எண் ஒத்துவரவில்லை என்றால் நடுவில் ஓர் ‘எச்’சைச் செருகு, கடைசியில் ஓர் ‘ஏ’ சேர். தமிழில் எழுதினால் பேர் மாறவே மாறாது. அதிர்ஷ்டம் மட்டும் மாறிவிடுமாம். ஜ, ஷ, ஸ, ஹ நான்கையும் ஒரே பேருக்குள் திணித்து, கூப்பிடுகிற பாட்டியின் பல்செட்டைக் கழற்றிப்போடுகிற பேர்களெல்லாம் இந்தக் கணக்கு வழியாக வந்தவைதான். அதற்குப் பதிலாகச் சொல்லப்படும் தனித்தமிழ்ப் பேர்கள் அத்தனையும் தேன் என்றும் சொல்லமாட்டோம். மறைமலையடிகள் தொடங்கி நூறாண்டு தாண்டிவிட்ட இயக்கம் கயல்விழி, தமிழ்ச்செல்வி, கனிமொழி என்று வாய்க்கு இதமான எத்தனையோ பேர்களைத் தந்திருக்கிறது. இப்போது அகராதியைப் புரட்டி, பொருள் சொல்லி விளக்கவேண்டிய பேர்களாக வைத்துக்கொண்டிருக்கிறோம். அதுவும் பல்செட்டைக் கழற்றத்தான் செய்கிறது.

மூன்றாவது தரப்பு மாமியார். இந்த ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று இங்கேதான் வருகிறது. ஆண் என்றால் அண்ணாமலை, அருணாசலம். ஊரில் கல்லெறிந்தால் ஓர் அண்ணாமலை மேல்தான் விழும், யாருக்கும் வருத்தமில்லை. பெண் என்றால் அம்மன் பேர், உண்ணாமுலை. பேச்சில் உண்ணாமலை.

“மூத்தது பொண்ணா பொறந்தா எங்கம்மா பேரையே வெக்கிறதா கோயில்ல வேண்டிக்கிட்டாங்க.”

“அதுக்கு? உண்ணாமலன்னு கூப்ட்டா ஸ்கூல்ல புள்ளைங்க சிரிக்காதா? சாப்டாம வந்துட்டியான்னு கேக்கும்.”

இந்த இரண்டு வரியோடு அன்றைய பேச்சு முடியும். அவன் அம்மாவை அவமானப்படுத்திவிட்டாள் என்று அவன் வெளியே போவான். அவள் அழுவாள். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்பதுதான் சங்கடம். அந்தக் கிழவி தன் பேரை எழுபது வருஷம் சிரிப்புக்கு நடுவில்தான் சுமந்திருப்பாள். பேத்தி வழியாக அது மரியாதையாகத் திரும்பிவரும் என்று நினைக்கிறாள். மருமகளோ அந்தச் சிரிப்பை மகளுக்குச் சொத்தாக எழுதிவைக்கத் தயாரில்லை.

பழைய காலத்தில் இதற்கொரு வேடிக்கையான தீர்வு இருந்தது. மாமியார் பேரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது. குழந்தைக்கு மாமியார் பேர் என்றால் பெற்றவள் அதைக் கூப்பிட முடியாது. அதனால் பாப்பா, அம்மு, குட்டி என்று வேறு ஏதாவது சொல்வாள், கடைசியில் ஊரே அப்படித்தான் கூப்பிடும். சாமர்த்தியமான மருமகள்கள் இந்த வழக்கத்தை மாற்றியும் வைத்திருக்கிறார்கள். மாமியார் காதில் விழும்படி நடுவாசலில் நின்றுகொண்டு, “ஏ உண்ணாமல, எத்தன வாட்டி சொல்றது உனக்கு, இங்க வாடி!” என்று மகளைக் கூப்பிட்டு ஜென்மப் பகையைத் தீர்த்துக்கொண்டவர்கள் இந்த ஜில்லாவில் உண்டு. வேண்டுதல் வைக்கும் மாமியார்கள் இதையும் யோசித்துக்கொள்வது நல்லது.

அபிதா என்ற பேர் வந்து பல வீடுகளைக் காப்பாற்றியிருக்கிறது. உண்ணாமுலையம்மனின் வடமொழிப் பேர் அபீதகுசாம்பாள். அதில் முன்பாதியை வெட்டி எடுத்தால் அபிதா. லா.ச.ராமாமிர்தம் 1970இல் அந்தப் பேரில் ஒரு நாவலே எழுதினார். 1999இல் வந்த ‘சேது’ படத்தின் நாயகிக்கும் இந்த அம்மன் பேர்தான். நடித்தவரும் அபிதா என்றே அறியப்பட்டார். அதற்குப் பிறகு பேர் சினிமா வாசனையோடு வீட்டுக்குள் வந்தது. மாமியாருக்கு அம்மன் பேர், மருமகளுக்கு ஸ்டைலான பேர். அதே அம்மனின் தமிழ்ப் பேர் பட்டிக்காடு என்றும் வடமொழிப் பேரின் வெட்டுத்துண்டு நாகரிகம் என்றும் ஆனது எப்படி என்று கேட்டால் அது வேறு தலையங்கம். இப்போதைக்குக் குடும்பம் நிம்மதியாகத் தூங்கட்டும்.

இவ்வளவு சண்டைக்கும் நடுவே யாரும் கேட்காமல் விட்ட ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தத் தலையங்கம்.

பிறந்த குழந்தையின் மணிக்கட்டில் ஆஸ்பத்திரியில் ஒரு பட்டை கட்டுகிறார்கள். இன்னாருடைய குழந்தை என்று அதில் எழுதியிருக்கும். அந்த இன்னார் அம்மா. நர்ஸ் அம்மா பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவார், தடுப்பூசி அட்டையும் அம்மா பேரில்தான் தொடங்கும். வீட்டுக்குப் போனதும் பட்டையைக் கத்தரித்துப் போடுகிறார்கள். அதோடு அம்மாவின் பேர் குழந்தையைவிட்டுப் போகிறது. பதினாறாம் நாளோ முப்பதாம் நாளோ தொட்டில் போட்டு, அத்தை வந்து காதில் மூன்று முறை பேர் சொல்லும்போது, அந்தப் பேருக்கு முன்னால் ஓரெழுத்து ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. அப்பாவின் எழுத்து. அதற்கு நட்சத்திரம் பார்க்கவில்லை, எண் கூட்டவில்லை, யார் பிடித்தது பிடிக்கவில்லை என்று கேட்கவில்லை. தலைப்பெழுத்தையும் தமிழிலேயே எழுதவேண்டும் என்று 2021 டிசம்பரில் தமிழக அரசு ஆணை போட்டது. நல்ல ஆணை. யாருடைய தலைப்பெழுத்து என்ற கேள்வி மட்டும் வழக்கம்போல் எழவில்லை.

அப்பாவின் எழுத்து வரக்கூடாது என்று நாம் சொல்லவில்லை. இருவர் எழுத்தையும் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு நம் வணக்கம். வழக்கப்படி அப்பா எழுத்து மட்டும்தான் என்றால், பேச்சுவார்த்தை தொடங்கும் முன்பே ஒரு தரப்புக்குப் பங்கு போய்ச் சேர்ந்துவிட்டது என்பதையாவது ஒத்துக்கொள்ள வேண்டாமா? பங்கு வாங்கிய பிறகு மிச்சத்திலும் பாதி கேட்பது என்ன கணக்கு?

கேரள உயர் நீதிமன்றம் 2023 செப்டம்பரில் போட்டது இதே கணக்கு. பிரிந்து வாழும் தம்பதி. மூன்றரை வயதுப் பெண் குழந்தை. பிறப்புச் சான்றிதழில் பேர் இல்லை, பள்ளிக்கூடம் பேர் கேட்கிறது. பதிவாளர் அலுவலகம் பெற்றோர் இருவரும் வர வேண்டும் என்கிறது. அம்மா ஒரு பேர் சொல்கிறார், அப்பா ஒரு பேர் சொல்கிறார். இரண்டும் பகரத்தில் தொடங்கும் பேர்கள், சண்டை மட்டும் தீரவில்லை. நீதிபதி பெச்சு குரியன் தாமஸ், பெற்றோர் ஸ்தானத்தில் நின்று முடிவெடுக்கும் அதிகாரத்தை எடுத்துக்கொண்டு குழந்தைக்குத் தானே பேர் வைத்தார். குழந்தை அம்மாவோடு இருக்கிறாள், ஆகவே அம்மா சொன்ன பேர். தந்தை யார் என்பதில் தகராறு இல்லை, ஆகவே பின்னால் தந்தையின் பேர். தமிழ்நாட்டு வழக்கில் சொன்னால், பேர் அம்மாவுக்கு, இனிஷியல் அப்பாவுக்கு.

அடுத்த ஆண்டு டிசம்பரில் மைசூரு மாவட்டம் ஹுன்சூர் நீதிமன்றத்தில் இன்னொரு வழக்கு. இது ஆண் குழந்தை, மூன்று வருஷச் சண்டை. அங்கே நீதிபதிகள் இரு தரப்பும் ஏற்கும்படி ஆர்யவர்தனா என்று வைத்தார்கள். தம்பதி மாலை மாற்றி இனிப்பு ஊட்டிக்கொண்டார்களாம். சமாதானம் நல்லதுதான். ஆனால் தாயும் தகப்பனும் விட்டுக்கொடுக்கவில்லை என்பதற்காக மூன்றாமவர் பேர் வைப்பதில் நமக்கு அவ்வளவு உடன்பாடில்லை. ஐஸ்லாந்தில் அரசுக் குழு அங்கீகரித்த பட்டியலில் இருக்கும் பேரைத்தான் வைக்க வேண்டும். அம்மா வைத்த பேர் பட்டியலில் இல்லை என்பதால் ஒரு சிறுமி பதினைந்து வயதுவரை அரசு ஆவணங்களில் வெறுமனே ‘பெண்’ என்றே இருந்தாள். 2013 ஜனவரியில் ரெய்க்யாவிக் நீதிமன்றம் அம்மா வைத்த பேரே செல்லும் என்றது. அங்கேயும் கடைசியில் ஜெயித்தது அம்மாதான்.

ஒரு சொந்தக் கதையும் சொல்லிவிடலாம். பேர்ச் சண்டை நம்மைப் போன்ற சிற்றிதழ்க்காரர்களுக்குப் புதிதில்லை. இதழ் தொடங்கக் கூடும் நாலு பேரும் முதலில் அடித்துக்கொள்வது தலைப்புக்காகத்தான். ‘எழுத்து’ என்று சி.சு.செல்லப்பா ஒற்றை ஆளாக முடிவெடுத்தது 1959. 1970இல் கூட்டமாகக் கூடியவர்கள் வல்லின எழுத்து ஆறையும் வரிசையாக எழுதி ‘கசடதபற’ என்று வைத்தார்கள். யாருக்கும் மனத்தாங்கல் வராத பேர். பதிவுக்கு விண்ணப்பித்தால் விருப்ப வரிசையில் பல பேர் எழுதித்தரச் சொல்வார்கள். முதலில் எழுதிய பேர் கிடைத்த இதழ் பாக்கியம் செய்தது. இந்த ஊரும் பேர் வைப்பதில் சளைத்ததில்லை. 1896இல் வந்து இறங்கிய வேங்கடராமனை 1907இல் கணபதி முனிவர் ரமண மகரிஷி ஆக்கினார். விசிறி வைத்திருந்தவர் விசிறி சாமியார், மூக்குப்பொடி போட்டவர் மூக்குப்பொடி சித்தர். ஆண் துறவிக்கு ஊர் கூடிப் பேர் வைக்கலாம். பெற்றெடுத்த மகளுக்கு அம்மா பேர் வைத்தால் மட்டும் நாலு பேரிடம் கேட்டாயா என்கிறோம்.

தீபத் திருவிழாவில், தேர் நாளில் மாட வீதிக்கு வந்தவர்கள் கரும்புத் தொட்டிலைப் பார்த்திருப்பீர்கள். குழந்தை வரம் கேட்டு வேண்டிக்கொண்டு பெற்றவர்கள், முழுக் கரும்புகளைச் சேர்த்துக் கட்டி, அதில் புடவையைத் தூளியாகத் தொங்கவிட்டு, குழந்தையை அதில் போட்டு, முன்முனையை ஒருவரும் பின்முனையை ஒருவருமாகத் தோளில் வைத்துக் கோயிலைச் சுற்றுவார்கள். பிள்ளையில்லாத வல்லாள மகாராஜாவுக்கு அண்ணாமலையாரே பிள்ளையாக வந்தார் என்பது தல வரலாறு. இன்றும் மாசி மகத்தன்று பள்ளிகொண்டாபட்டுக்குச் சாமி போய் ராஜாவுக்குத் திதி கொடுக்கிறார். அந்தக் கூட்டத்தில் தொட்டில் தூக்கி வருகிறவர்களைக் கவனியுங்கள். முன்னால் போகிற ஆள் உயரம், பின்னால் வருகிறவள் குள்ளம் என்றால் கரும்பு சாய்ந்து தூளி அவள் பக்கம் சரிந்துவரும். பிள்ளையின் பாரம் முழுக்க அவள் தோளில். பேர் விஷயமும் பெரும்பாலான வீடுகளில் அப்படித்தான் சரிந்து கிடக்கிறது. சுமப்பது அவள், போகிற வழியைச் சொல்வது முன்னால் போகிறவர்.

இத்தனைக்கும் இது அம்பாளுக்கு இடப்பாகம் கொடுத்த ஊர். தீபத்தன்று மாலை மலையில் ஜோதி ஏறும் அந்தச் சில நிமிஷம் மட்டும் அர்த்தநாரீஸ்வரர் வெளியே வந்து காட்சி தருவார். அதைப் பார்க்க அத்தனை லட்சம் பேர் முண்டியடிக்கிறோம். உடம்பில் பாதி கொடுத்த சாமியைக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, ஒரு பேரை முழுசாக விட்டுக்கொடுக்க மாட்டேன் என்பவர்களிடம் என்ன சொல்வது?

நம் தீர்ப்பு இதுதான். இனிஷியல் உங்களுடையது என்றால் பேர் அவளுடையது. அவள் பரணிக்கு லகரமே வேண்டும் என்றாலும் சரி, யாழினி என்றாலும் சரி, மனமுவந்து மாமியார் பேரையே வைக்கிறேன் என்றாலும் சரி. வேண்டுமானால் உங்கள் பேரைச் சொல்லுங்கள், காரணத்தையும் சொல்லுங்கள். அவளுக்குப் பிடித்தால் எடுத்துக்கொள்வாள். மாமியார்கள், நாத்தனார்கள், ஜோசியர்கள், இந்தத் தலையங்கம் எழுதுகிறவர் உள்பட எல்லோரும் ஆலோசனை சொல்லலாம், ஓட்டுப் போட முடியாது. இரண்டு எழுத்தும் வரட்டும் என்று இருவரும் ஒத்துக்கொண்டால் பேரும் இருவரும் சேர்ந்து வைக்கலாம். அப்போது கணக்கு சரி.

கடைசியாக ஒரு காரிய விஷயம். சண்டை முடியவில்லை என்பதற்காகப் பிறப்பைப் பதியாமல் விடாதீர்கள். 21 நாளுக்குள் பதிந்துவிட வேண்டும். அதற்குப் பேர் தேவையில்லை, பேர் இல்லாமலே பதிவார்கள். பதிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பேரைச் சேர்த்தால் கட்டணம் கிடையாது. அதன்பின் 15 ஆண்டுவரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளியில் சேர்ப்பதிலிருந்து பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்கு இந்தச் சான்றிதழ்தான் ஆதாரம். எழுத்துப்பிழை இருந்தால் திருத்தலாம், ஆனால் ஒருமுறை ஏறிய பேரையே மாற்றுவது லேசுப்பட்ட வேலையில்லை. ஆகவே சான்றிதழைக் கையில் வாங்கியதும் பேரைத் தமிழில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை, எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்துவிட்டு அலுவலகத்தைவிட்டு வெளியே வாருங்கள்.